இரத்தத்தில் மைக்ரோஆர்என்ஏ பார்த்தால் கருப்பைப் புற்றுநோய் தெரிந்துவிடுமா?

பிப்ரவரி 9, கேள்வி

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இரண்டு முறை இரத்தம் பட்டிருக்கிறது. ஸ்கேனில் கருப்பையின் உட்படலம் தடித்திருப்பதாகச் சொல்லி பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். மைக்ரோஆர்என்ஏ என்ற ஒன்றை இரத்தத்திலேயே அளந்து உட்படலப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம், துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்று ஒரு கட்டுரையை உறவினர் அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் பயாப்சி எதற்கு?

பிப்ரவரி 9, இரவு

பயாப்சிக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாதவிடாய் நின்றபின் வரும் உதிரப்போக்குக்கு இரத்தப் பரிசோதனையால் பதில் சொல்லும் நிலை இன்று இல்லை. ஸ்கேனில் படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் திசுவை எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. வலி இருக்கும், மறைக்கவில்லை. முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: இப்படி இரத்தம் படுகிற நூறு பெண்களில் ஏறத்தாழ 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குப் படலம் மெலிந்துபோனதோ, பாலிப்போ (படலத்தில் வளரும் சிறு சதைத் திரட்சி), வேறு ஏதோ காரணம்.

பிப்ரவரி 10

நேற்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். "ஏன் என்று சொல்லாமல் போனால் எப்படி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நான் மூலக்கூறு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், பிளாஸ்மாவிலிருந்து (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஆர்என்ஏ பிரித்தெடுப்பது என் அன்றாடப் பாடு. மருத்துவர் அல்ல. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

மைக்ரோஆர்என்ஏ என்பது 22 எழுத்து அளவுள்ள குட்டி ஆர்என்ஏ துணுக்கு. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. வேறு மரபணுக்களின் தூது ஆர்என்ஏவில் (புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் நகல்) போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைக் குறைக்கிறது. ஒட்டுவதற்குப் பெரும்பாலும் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் பொருந்தினால் போதும். அதனால் ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடிகிறது. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டுபிடித்தபோது, புழுவின் விசித்திரம் என்றுதான் பலரும் ஒதுக்கினார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் நோபல் பரிசு வந்தது 2024இல்.

புற்றுநோயோடு முடிச்சு விழுந்தது 2002இல். ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 13ஆம் குரோமோசோமில் அடிக்கடி காணாமல்போகிற துண்டில் மிர்-15, மிர்-16 (மைக்ரோஆர்என்ஏக்களுக்கு இப்படித்தான் 'மிர்' என்று எண் போட்டுப் பெயர்) இரண்டும் இருப்பதைக் கார்லோ குரோச்சேயின் குழு காட்டியது. 2008இல் இன்னொரு திருப்பம்: இவை இரத்தப் பிளாஸ்மாவில் அழியாமல் சுற்றிவருகின்றன என்று தெரிந்தது. வெறும் ஆர்என்ஏவை இரத்தத்தில் விட்டால் நொதிகள் உடனே தின்றுவிடும். இவை ஆர்கோனாட் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டோ, சிறு கொழுப்புப் பைகளுக்குள் அடைபட்டோ தப்பிக்கின்றன. அங்கிருந்துதான் "ஒரு சொட்டு இரத்தம் போதும்" என்ற ஆசை பிறந்தது. ஆசையில் தவறில்லை.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

உட்படலப் புற்றுநோயில் எவை கூடுகின்றன என்று கேட்டவருக்கு: கட்டித் திசுவில் மிர்-200 குடும்பம் (200ஏ, 200பி, 200சி, 141, 429), மிர்-205, மிர்-182, மிர்-183 ஆகியவை கூடியிருப்பதாகப் பல குழுக்கள் தனித்தனியாகக் கண்டிருக்கின்றன. மிர்-182 கூட்டம் ஃபாக்ஸோ-1 என்ற காவல் புரதத்தை அடக்குகிறது. மிர்-205, கட்டியைத் தடுக்கும் பிடென் மரபணுவைத் தாக்குவதாகச் சொல்கிறார்கள். இந்தப் புற்றுநோயில் முதலில் பழுதாகும் மரபணுக்களில் பிடெனும் ஒன்று என்பதால் அது கவனிக்க வேண்டிய விஷயம். மறுபக்கம் மிர்-152, மிர்-129-2 போன்றவை மெத்தில் பூட்டு (டிஎன்ஏவின் மேல் ஒட்டி மரபணுவை அணைக்கும் வேதிக் குறி) விழுந்து வாயடைத்துப்போகின்றன.

மிர்-21ஐ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அது எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் உறவினர். மார்பகம், பெருங்குடல், நுரையீரல், கணையம், எதில் தேடினாலும் கூடியிருக்கும். புற்றுநோயே இல்லாத வீக்கத்திலும் கூடும். அது கூடியிருக்கிறது என்பதை வைத்துக் கருப்பையைச் சுட்டிக்காட்ட முடியாது.

பிப்ரவரி 12

இன்று வேலையில் நடந்ததைச் சொன்னால் என் சந்தேகம் விளங்கும்.

மையவிலக்கில் சுற்றியெடுத்த குழாய்களைத் தாங்கியில் வரிசையாக வைத்திருந்தேன். நல்ல பிளாஸ்மா வெளிர்மஞ்சளாக இருக்கும். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தபோது ஒரு குழாயில் மட்டும் மிக இலேசான ரோஜா நிறம். தாள் இல்லாமல் பார்த்தால் தெரியாது. ஊசி குத்தும்போது மெல்லிய நரம்பிலிருந்து வலுக்கட்டாயமாக இழுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்துவிடும். நிறமாலைமானியில் 414 நானோமீட்டரில் பார்த்தால் ஹீமோகுளோபினின் முகடு எட்டிப்பார்க்கிறது. அந்தக் குழாயைத் தனியே எடுத்து வைத்தேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சிவப்பணுவுக்குள் மிர்-451ஏவும் மிர்-16உம் குவிந்து கிடக்கின்றன. கொஞ்சம் உடைந்தாலே அளவு பன்மடங்கு ஏறும். இதைப் பிடிக்க ஒரு கணக்கு உண்டு: சிவப்பணுவால் பாதிக்கப்படாத மிர்-23ஏவையும் மிர்-451ஏவையும் பிசிஆரில் (சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் முறை) ஒப்பிட்டு, இடைவெளி 7 சுழற்சியைத் தாண்டினால் மாதிரி கெட்டுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு சுழற்சி என்றால் இரட்டிப்பு. 7 சுழற்சி என்றால் 128 மடங்கு. இனி கூத்தைக் கேளுங்கள். பழைய ஆய்வுகள் பலவற்றில் மற்ற துணுக்குகளை ஒப்பிட "மாறாத அளவுகோல்" என்று வைத்துக்கொண்டதே மிர்-16ஐத்தான். அளவுகோலே நீள்கிறது. பிறகு துணி குறைந்துவிட்டது என்று முடிவு எழுதுகிறார்கள்.

2012இல் காலின் பிரிட்சார்டின் குழு ஒரு கசப்பான வேலையைச் செய்தது. திடக்கட்டிப் புற்றுநோய்களுக்கு இரத்த அடையாளம் என்று அதுவரை வெளிவந்திருந்த மைக்ரோஆர்என்ஏக்களை எடுத்து, அவை இரத்த அணுக்களிலேயே மிகுதியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை அப்படித்தான் இருந்தன.

பிப்ரவரி 12, மறுபடியும்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். உட்படலப் புற்றுநோய்க்கு இது இன்னும் மோசமாகப் பொருந்துகிறது.

இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரப்போக்கு இருக்கும். மாதக்கணக்கில் இரத்தம் போனால் இரும்புச்சத்து குறையும், சோகை வரும், தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறும். இரத்த அணுக்களின் கலவையே மாறிப்போன ஒருவரின் பிளாஸ்மாவை, உதிரப்போக்கே இல்லாத ஆரோக்கியமான பெண்ணின் பிளாஸ்மாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு வரத்தான் செய்யும். அது கட்டியின் கையெழுத்தா, சோகையின் கையெழுத்தா? போதாததற்கு உடல்பருமன் இந்த நோயின் மிகப்பெரிய காரணிகளில் ஒன்று. கொழுப்புத் திசுவே இரத்தத்துக்குள் மைக்ரோஆர்என்ஏவைப் பெருமளவில் அனுப்புகிறது என்று 2017இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நோயாளிக் குழு பருமன், ஒப்பீட்டுக் குழு ஒல்லி என்று இருந்துவிட்டால் நாம் கண்டுபிடித்தது எடை இயந்திரத்துக்கு மாற்று.

ஆகவே எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது துல்லிய எண்ணை அல்ல, ஒப்பீட்டுக் குழுவில் யார் என்பதை. "ஆரோக்கியமான தன்னார்வலர்கள்" என்று இருந்தால் பாதி ஆர்வம் போய்விடும். உதிரப்போக்கோடு வந்து, பயாப்சி செய்து, புற்றுநோய் இல்லை என்று தெரிந்தவர்கள்தாம் சரியான ஒப்பீடு. மருத்துவமனையில் அந்த வரிசையில்தானே ஆளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது?

பிப்ரவரி 13

"90 சதவீதம் என்றால் 90 சதவீதம்தானே, எதற்கு இத்தனை சுற்று?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். பேனாவை எடுங்கள்.

ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கிறது என்று வையுங்கள். கற்பனை எண்கள்தாம், ஆனால் கட்டுரைகளில் பார்க்கிற ரகம். உதிரப்போக்கோடு வரும் ஆயிரம் பெண்களில் 90 பேருக்குப் புற்றுநோய். பரிசோதனை 81 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 910 பேரில் 182 பேருக்கும் "உண்டு" என்று சொல்லும். அவர்கள் எல்லோரும் பயாப்சிக்குத்தான் போக வேண்டும். "இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிய 737 பேரில் 9 பேருக்குப் புற்றுநோய் இருக்கும். அந்த ஒன்பது பேரிடம் என்ன சொல்வது?

இதே பரிசோதனையை அறிகுறியே இல்லாத பெண்களிடம் நடத்தினால், ஆயிரத்தில் ஒருவருக்கு நோய் என்று வைத்தால்கூட, அந்த ஒருவரைப் பிடிக்க ஏறத்தாழ 200 பேரைப் பீதியில் தள்ளுவோம்.

பிப்ரவரி 15

இரண்டு நாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் எழுதியதைப் படித்தால் பயாப்சி குறையே இல்லாதது போலத் தோன்றும். அப்படி இல்லை.

என் சித்திக்கு இதே மாதிரி உதிரப்போக்கு வந்தது. பயாப்சி முடிவில் "மாதிரி போதவில்லை" என்று வந்தது. கருப்பை வாய் இறுகியிருந்ததால் குழாய் சரியாக உள்ளே போகவில்லையாம். மறுபடி மயக்கம் கொடுத்து, ஹிஸ்டெரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, பாலிப்பை எடுத்தார்கள். சாதாரண பாலிப். ஆனால் முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் இடையில் அவர் தூங்கவில்லை. "இரத்தத்தில் பார்க்க ஒன்றும் இல்லையா? நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய்?" என்று என்னிடம் கேட்டார். இல்லை சித்தி என்றேன். அந்த "இல்லை" எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆகவே இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயாப்சி தோற்கிற இடத்தில் துணைக்கு ஒன்று வந்தால் அது பெரிய உதவி.

அந்த ஒன்று கையிலிருந்து எடுக்கும் இரத்தமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கட்டி இருக்கும் இடத்துக்கு அருகிலிருந்து வரும் திரவம், கருப்பையைக் கழுவியெடுத்த நீர் அல்லது யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரி, இவற்றில் சமிக்ஞை அடர்த்தியாக இருக்கும். லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகம் சார்ந்த குழு அப்படி ஒரு குச்சிப் பரிசோதனையை உருவாக்கி, உதிரப்போக்கோடு வந்த பெண்களிடமே சோதித்து 2023இல் வெளியிட்டது. ஆனால் அது அளப்பது மைக்ரோஆர்என்ஏவை அல்ல, டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை. நம் கட்சி பின்தங்கித்தான் இருக்கிறது.

பிப்ரவரி 16

குட்டிக் குறிப்பு. இரத்தத்தை ஹெப்பரின் குழாயில் எடுக்காதீர்கள், பிசிஆரை அது முடக்கும். இடிடிஏ குழாய். ஆய்வு மாணவர் ஒருவர் தனியே கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படட்டும்.

பிப்ரவரி 18

மிர்-200 பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "மிர்-200 குறைந்தால்தான் புற்றுநோய் பரவும் என்று படித்தேன். நீங்கள் கூடுகிறது என்கிறீர்கள். எது சரி?"

இரண்டும் சரி. மிர்-200 குடும்பம் செப்-1, செப்-2 என்ற இரு புரதங்களை அடக்கி, செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க உதவுகிறது. அது குறைந்தால் பிடி தளர்கிறது, செல்கள் கழன்று நகர்கின்றன. அது பரவும் கட்டம். உட்படலப் புற்றுநோயில் பெரும்பாலானவை சுரப்பி அமைப்பைத் தக்கவைத்திருக்கும் வகை. அங்கே பிடி தளரவில்லை, அதனால் மிர்-200 மிகுதி.

ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. இயல்பான உட்படலத்தில் சுரப்பிச் செல்களும் இடைத்திசுச் செல்களும் கலந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணில் சுரப்பிகள் இன்னும் குறைவு. கட்டியிலோ சுரப்பி செல்களே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் அப்படியே அரைத்து அளந்தால், ஒவ்வொரு செல்லிலும் மிர்-200 கூடாவிட்டாலும் மொத்தத்தில் கூடியதாகத் தெரியும். செல்லுக்குச் செல் பார்க்க வேண்டும். மெல்லிய திசுச் சீவலின் மேலேயே நிறமேற்றிப் பார்க்கும் முறை இருக்கிறது. கட்டுரைகளில் அந்தப் படம் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். கூடவே இயல்பான படலமே மாதச் சுழற்சியில் ஹார்மோனுக்கு ஏற்ப மைக்ரோஆர்என்ஏக்களை ஏற்றி இறக்குகிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணின் படலத்தை ஒப்பீடாக வைத்தால், எந்த நாளில் எடுத்தது என்று சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 19

அப்படியானால் இதற்குப் பயனே இல்லையா என்று சலிப்பவர்களுக்கு.

இருக்கிறது, பயாப்சிக்குப் பிறகு. ஆர்என்ஏக்களில் நீளமானவை பாரஃபின் பிளாக்கில் (திசுவைப் பதித்துச் சேமிக்கும் மெழுகுக் கட்டி) துண்டு துண்டாகிவிடும். மைக்ரோஆர்என்ஏ ஏற்கெனவே குட்டை, அதனால் பழைய பிளாக்கிலும் பிழைத்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்தவர்களின் பிளாக்கை எடுத்து, யாருக்கு நோய் திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்று பொருத்திப் பார்க்கலாம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

ஆனால் இங்கும் போட்டி கடுமை. 2013இல் டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம் 373 கட்டிகளை அலசி இந்தப் புற்றுநோயை நான்காகப் பிரித்தது. போல்-ஈ மரபணு பழுதானவை நன்றாகத் தேறுகின்றன. பி53 என்ற காவல் மரபணுவின் பழுதோடு குரோமோசோம்கள் குலைந்தவை மோசம். டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்கள் இழந்தவை, தனி அடையாளம் இல்லாதவை, இரண்டும் இடையில். இதை இன்று சில புரதங்களுக்கு நிறமேற்றியும் போல்-ஈயை மட்டும் வரிசைப்படுத்தியும் பல நல்ல நோயியல் ஆய்வகங்கள் செய்துவிடுகின்றன. 2023இல் ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) நிலை வகைப்பாட்டிலேயே இது சேர்ந்துவிட்டது. பிழைதிருத்தும் புரதம் இழந்த கட்டிகளுக்கு டோஸ்டார்லிமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து வேலை செய்கிறது என்பதால் சிகிச்சையும் இதைப் பொறுத்து மாறுகிறது. மைக்ரோஆர்என்ஏ பட்டியல் எதுவாக இருந்தாலும் "இந்த நான்குக்கு மேல் நீ என்ன கூடுதலாகச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த நான்காவது குழு, அடையாளம் இல்லாதது, அதற்குள்தான் இடம் இருக்கிறது. பெரும்பாலோர் தேறுகிறார்கள், சிலருக்குத் திரும்புகிறது; யார் என்று முன்கூட்டிப் பிரிக்க நல்ல வழி தேவைப்படுகிறது.

பிப்ரவரி 19, தூக்கம் வராமல்

டைசர் என்ற கத்தரிதான் மைக்ரோஆர்என்ஏவை இறுதியாக வெட்டித் தருகிறது. சில உட்படலக் கட்டிகளில் அந்தக் கத்தரியின் ஒரு பகுதியிலேயே பழுது. விளைவு, முன்னோடித் துணுக்கின் இரு கைகளில் 5பி கை மட்டும் கிடைக்காமல்போகிறது, 3பி கை தப்பிக்கிறது. ஆக "மிர்-இன்னது குறைந்தது" என்று எழுதி எந்தக் கை என்று சொல்லாத கட்டுரையை மூடி வைத்துவிடலாம்.

பிப்ரவரி 22

சிகிச்சை பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம், சொல்ல நல்ல செய்தி குறைவு.

தத்துவம் எளிது. குறைந்த துணுக்கைச் செயற்கையாகச் செய்து உள்ளே அனுப்பலாம், கூடியதை எதிர்த்துணுக்கால் கட்டிப்போடலாம். ஆய்வகத் தட்டில் வளரும் உட்படலப் புற்றுச்செல்களில் இரண்டும் அழகாக வேலை செய்கின்றன. தட்டில் வேலை செய்யாதது எது?

புற்றுநோய்க்காக மனிதரிடம் முதலில் போனது எம்ஆர்எக்ஸ்-34, மிர்-34ஏவின் நகல், கொழுப்புக் கோளத்தில் அடைத்தது. கல்லீரல் புற்றுநோயும் வேறு முற்றிய கட்டிகளும் உள்ளவர்களிடம் 2013இல் சோதனை தொடங்கியது. சிலருக்குக் கட்டி சுருங்கியது உண்மை. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் கொந்தளித்தது, நான்கு பேர் இறந்தார்கள், 2016இல் நிறுத்திவிட்டார்கள். கோளத்தின் குற்றமா, நகலின் குற்றமா, நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் தொட்டதன் விளைவா என்று இன்னும் வாதிடுகிறார்கள். மிர்-16இன் நகலைப் பாக்டீரியாவிலிருந்து பெற்ற சிறுபைகளில் அடைத்து, நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கு ஆஸ்திரேலியாவில் முதற்கட்டச் சோதனை செய்தார்கள்; முடிவு 2017இல் வந்தது, அதற்குமேல் பெரிதாக நகரவில்லை. ஹெபடைடிஸ் சி கிருமிக்கு எதிராக மிர்-122ஐக் கட்டிப்போட்ட மிராவிர்சென் நன்றாகவே வேலை செய்தது. அது கல்லீரல், ஊசியில் போடும் ஆர்என்ஏ மருந்துகள் தாமாகவே போய்ச் சேரும் இடம். கருப்பை உட்படலத்துக்கு அப்படிப்பட்ட விலாசம் இல்லை.

மைக்ரோஆர்என்ஏ மருந்து எதுவும், எந்தப் புற்றுநோய்க்கும், இதுவரை அனுமதி பெறவில்லை.

பிப்ரவரி 23

"கருப்பைக்குள்ளேயே நேராக வைக்கலாமே?" என்று ஒருவர். யோசிக்க வேண்டிய யோசனை. குழந்தை வேண்டும் என்பதால் கருப்பையை எடுக்க மறுக்கும் இளம்பெண்களுக்கு, ஆரம்ப நிலையில், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சாதனத்தைக் கருப்பைக்குள் வைத்து ஏற்கெனவே சிகிச்சை செய்கிறார்கள். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, கேட்டவர்களிலும் சிலருக்குத் திரும்புகிறது. அந்தச் சாதனத்தில் துணுக்கைச் சேர்ப்பது தொலைவில் இருக்கட்டும். யாருக்குப் புரோஜெஸ்டின் கேட்கும் என்று முதல் பயாப்சியின் மைக்ரோஆர்என்ஏவை வைத்துச் சொல்ல முடிந்தால் அதுவே எனக்குப் போதும். மருந்துக்குப் பணம் கொட்டுகிறவர்கள் இதில் கொஞ்சம் கொட்டினால் என்ன?

பிப்ரவரி 26

கடைசியாக வந்த கேள்வி: "மருத்துவமனையில் இந்த ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

கொடுங்கள். அறுவைக்கு முன்பே கொடுங்கள், பின்னால் எடுத்ததை முன்னால் எடுத்ததோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. அன்றைய ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, எடை மூன்றையும் படிவத்தில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். இந்த இரத்தத்தின் முடிவு உங்கள் சிகிச்சையை மாற்றாது என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். நரம்பு மெல்லியதாக இருந்தால் எடுப்பவரிடம் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.